கடல் தாண்டிய ஊரில் விபத்து: வீட்டில் இருக்கும் நாம் என்ன செய்ய வேண்டும்?



நம்ம சங்கராபுரம் பக்கத்தில் சிங்கப்பூர், மலேசியா, துபாய், சவுதி என்று வேலைக்குப் போனவர்கள் உள்ள வீடுகள் பல உண்டு. கணவரோ, மகனோ, தம்பியோ போயிருப்பார். பயணச் செலவில் ஒரு பங்கு நம் குழுக் கடனாகவும் இருக்கும். மாதா மாதம் பணம் வருகிறது, கடன் கட்டுகிறோம், சேமிப்பும் போடுகிறோம். திடீரென்று ஒரு நாள் போன் வருகிறது. "ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கோம்" என்கிறார்கள். கையும் ஓடாது, காலும் ஓடாது. யாரைக் கேட்பது, எங்கே போவது, பணம் யார் கட்டுவது என்று தெரியாமல் தவிப்போம். அந்த நேரத்தில் அவசரப்பட்டு வாங்கும் கடன் பல வருஷம் வீட்டை விட்டுப் போவதில்லை. ஆகவே இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக் கொள்வோம்.

உண்மையில் நடந்தது

2019 ஜூன் 6ஆம் தேதி, ரம்ஜான் விடுமுறை நேரம். ஓமன் நாட்டின் மஸ்கட்டிலிருந்து துபாய்க்கு ஒரு பேருந்து வந்தது. பெரிய வண்டிகள் போகக் கூடாத பாதையில் ஓட்டுநர் திருப்பிவிட்டார். அங்கே இருந்த உயரத் தடுப்புக் கம்பியில் பேருந்து மோதியது. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் இந்தியர்கள்.

உயிர் பிழைத்தவர்களில் 20 வயது இந்திய மாணவர் ஒருவரும் இருந்தார். உறவினர் வீட்டில் பண்டிகையைக் கழித்துவிட்டுத் திரும்பியவர். துபாயில் உள்ள ரஷீத் மருத்துவமனையில் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தார். அதில் 14 நாள் நினைவே இல்லை. உயிர் தப்பினாலும் மூளையில் பலத்த சேதம். படிப்பைத் தொடர முடியவில்லை.

பேருந்துக்குக் காப்பீடு செய்த நிறுவனத்திடம் நஷ்ட ஈடு கேட்டு அவருக்காக வழக்கு நடந்தது. முதலில் காப்பீட்டுத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு 10 லட்சம் திர்ஹம் கொடுக்கச் சொன்னது. அது போதாது என்று நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் அதை 50 லட்சம் திர்ஹமாக உயர்த்தியது. அப்போதைய மதிப்பில் சுமார் 11 கோடி ரூபாய். இந்தச் செய்தி 2023இல் வெளியானது.

எல்லோருக்கும் இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். இதில் நமக்குப் பாடம் தொகை அல்ல. காயத்தின் அளவு என்ன, அது நிரந்தரமா என்பதைச் சொல்லும் மருத்துவ அறிக்கை இருந்தது. தவறு யாருடையது என்று சொல்லும் போலீஸ் அறிக்கையும் வழக்குத் தீர்ப்பும் இருந்தன. விடாமல் கேட்க ஆளும் இருந்தது. காகிதம் இல்லாதிருந்தால் எவ்வளவு பெரிய காயமும் வெறும் வாய்ப்பேச்சாகத்தான் போயிருக்கும்.

போன் வந்த முதல் நாள்

முதலில் ஒரு நோட்டும் பேனாவும் எடுங்கள். பேசுபவரிடம் இவற்றைக் கேட்டு எழுதுங்கள். மருத்துவமனையின் பெயர் என்ன, எந்த ஊர்? எந்த வார்டு? விபத்து எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நடந்தது? வேலைக்குப் போகும்போதா, வேலை முடிந்து வரும்போதா, சொந்த வேலையாகப் போன போதா? கம்பெனி வண்டியா, வேறு வண்டியா? போலீஸ் வந்ததா? பேசுபவரின் பெயர், போன் நம்பர் என்ன?

"கம்பெனி வண்டியா?" என்ற கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் பின்னால் நஷ்ட ஈடு கேட்கும்போது அதுதான் பெரிய கேள்வி. சிங்கப்பூரில் தொழிலாளர்களை லாரியின் பின்பக்கம் ஏற்றிப் போகும் வழக்கம் உண்டு. 2021 ஏப்ரல் 20ஆம் தேதி 17 தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற லாரி, நின்றிருந்த டிப்பர் லாரியில் மோதியது. ஒரு இந்தியரும் ஒரு வங்கதேசத்தவரும் இறந்தார்கள், மற்றவர்கள் காயத்தோடு மருத்துவமனை போனார்கள். முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் வேலைக்குப் போய் வரும்போது அடிபட்டால், அந்த நாட்டுச் சட்டப்படி அது வேலையில் பட்ட அடியாகவே கணக்காகும்.

அடுத்து இரண்டு இடங்களுக்குத் தகவல் சொல்லுங்கள். ஒன்று, தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறை. இந்தியாவிலிருந்து கட்டணமில்லாமல் பேச 1800 309 3793. வெளிநாட்டிலிருந்து பேச 80 6900 9901, முன்னால் இந்தியாவின் 91 சேர்க்க வேண்டும். இன்னொன்று, மத்திய வெளியுறவுத் துறையின் உதவி மையம், 1800 11 3090. அந்தத் துறையின் 'மதாத்' இணையதளத்திலும் புகார் பதியலாம். இது 2015இல் தொடங்கியது. பதிந்தால் ஒரு எண் தருவார்கள், மனு எந்த நிலையில் இருக்கிறது என்று பிறகு பார்க்கலாம். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் பத்து நிமிட வேலை. இல்லையென்றால் இ-சேவை மையத்தில் உதவி கேளுங்கள்.

கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் நாள் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். மனுவின் நகலையும், அவர்கள் தரும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். எந்த இடத்திலும் முதலில் கேட்பது பாஸ்போர்ட் எண்தான். அது தெரியாவிட்டால் எல்லாமே தாமதம்.

பணம் யார் கட்ட வேண்டும்?

"பணம் கட்டலைன்னா ஆபரேஷன் பண்ண மாட்டாங்களாம்" என்று யாராவது சொன்னதும் நகையை அடகு வைக்க ஓட வேண்டாம். அப்படிச் சொல்பவர் மருத்துவமனை ஆளா, கம்பெனி ஆளா, இடையில் உள்ள ஏஜெண்டா என்று முதலில் பாருங்கள். பல நாடுகளில் மருத்துவச் செலவுக்கான காப்பீடு முதலாளியின் பொறுப்பு.

சிங்கப்பூரில் ஒர்க் பர்மிட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலை 1 முதல் அது வருஷத்துக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலர். வேலையில் பட்ட அடிக்கு நஷ்ட ஈடு கேட்க தனிச் சட்டமும் உண்டு, ஆனால் விபத்து நடந்த ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். மலேசியாவில் சட்டப்படி பதிவான வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 2019 ஜனவரி முதல் 'பெர்க்கெசோ' என்ற சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் வருகிறார்கள். சவுதியிலும் துபாயிலும் மருத்துவக் காப்பீடு முதலாளியின் கடமை. வண்டி மோதிய விபத்து என்றால் மோதிய வண்டியின் காப்பீட்டிலும் நஷ்ட ஈடு கேட்க வழி உண்டு.

இனி நம் நாட்டின் திட்டம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். அப்போது 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற காப்பீடு கட்டாயம். பிரிமியம் இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மருத்துவச் செலவுக்கு 1 லட்சம் வரை, ஒரு முறை சேர்ந்தால் 50,000 வரை உண்டு. கம்பெனி மாறினாலும் காப்பீடு போகாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. டூரிஸ்ட் விசாவில் அனுப்பி "அங்கே போய் மாத்திக்கலாம்" என்று ஏஜெண்டு சொன்னால் இந்தக் காப்பீடு கிடையாது. முதலாளி எடுக்கும் காப்பீடும் இருக்காது. அடிபட்டால் நடுத்தெருதான்.

யாருமே செலவை ஏற்கவில்லை என்றால் கடைசி வழி ஒன்று உண்டு. 2009 முதல் இந்தியத் தூதரகங்களில் 'இந்தியச் சமூக நல நிதி' இருக்கிறது. வசதி இல்லாதவர்களின் அவசர சிகிச்சைக்கும், ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டுக்கும் அதிலிருந்து உதவலாம். நிலைமையைப் பார்த்துத் தூதரகம் முடிவு செய்யும். நாம் கேட்டால்தான் அவர்களுக்குத் தெரியும்.

கையெழுத்துப் போடும் முன்

படுக்கையில் இருப்பவரிடம் "எல்லாம் தீர்ந்தது, இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று எழுதிய தாளை நீட்டும் ஆட்கள் உண்டு. அரபியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். புரியாத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம் என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். நம்மிடமும் ஒரு தாளை அனுப்பிக் கையெழுத்துக் கேட்பார்கள். வழக்கு நடத்த அதிகாரப் பத்திரம் கொடுக்க வேண்டியிருந்தால் யாருக்கு, எதற்கு மட்டும் கொடுக்கிறோம் என்று படித்துக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் இலவச சட்ட உதவி மையத்தில் கேட்டால் விளக்கம் சொல்வார்கள்.

ஊருக்கு அழைத்து வருவது

"எப்படியாவது ஊருக்கு அனுப்பிடுங்க" என்றுதான் நம் மனசு சொல்லும். ஆனால் தலையில் அடிபட்டவரை, நெஞ்சில் காயம் உள்ளவரை விமானத்தில் ஏற்ற மருத்துவர் சான்று வேண்டும். படுத்தபடி வர ஸ்ட்ரெச்சர் போட்டால் பல இருக்கைகளை எடுத்துக் கொள்ளும், அத்தனைக்கும் கட்டணம் உண்டு. கூட மருத்துவரோ நர்ஸோ வர வேண்டியிருக்கும். அதனால் அங்கேயே சிகிச்சை முடிந்து வருவது நல்லதா என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வரும்போது மூன்று காகிதங்கள் கையோடு வர வேண்டும்: மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் அறிக்கை, ஸ்கேன் படங்கள், போலீஸ் அறிக்கை. பாக்கிச் சம்பளக் கணக்கையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இங்கே வந்தபின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உதவும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. அட்டை இல்லாத வீடு இப்போதே விண்ணப்பிக்க வேண்டும்.

குழு என்ன செய்யலாம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதட்டத்தில் ஒரு லட்சம் ரூபாயை ஐந்து வட்டிக்கு வாங்கினால் மாதம் 5,000 ரூபாய் வட்டி. ஒரு வருஷத்தில் 60,000 ரூபாய் வட்டியாகவே போகும், அசல் அப்படியே நிற்கும். அங்கே சம்பாதிப்பவரோ படுக்கையில் இருக்கிறார். அந்த நேரத்தில் உறுப்பினர் கந்துவட்டிக்காரரிடம் போகாமல் பார்த்துக் கொள்வதே குழு செய்யும் பெரிய உதவி.

உடனே அவசரக் கூட்டம் போடுங்கள். உறுப்பினரின் கடன் தவணையை மூன்று மாதமோ ஆறு மாதமோ தள்ளிவைப்பதைப் பேசி, தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். தீர்மானம் இல்லாமல் வாய்ச்சொல்லில் விட்டால் பிறகு குழுவுக்குள் மனஸ்தாபம் வரும். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் ஊக்குநரும் பிரதிநிதிகளும் நேரில் போய் மேலாளரிடம் நிலைமையைச் சொல்ல வேண்டும். ஆட்சியர் அலுவலகம் போகும்போது அந்தச் சகோதரியோடு இரண்டு பேர் போங்கள். பிள்ளைகளைப் பார்த்துக் கொள்வதும், ஆடு மாடு பார்ப்பதும் கூட உதவிதான்.

இப்போதே எழுதி வைக்க வேண்டியவை

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டில் இவற்றை எழுதுங்கள். கல்வராயன் மலையிலிருந்து வெளிமாநில வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

1. பாஸ்போர்ட் எண், விசா அல்லது ஒர்க் பர்மிட் எண், இவற்றின் நகல்.
2. கம்பெனியின் முழுப் பெயர், முகவரி, போன் நம்பர்.
3. தங்கும் இடத்தின் முகவரி, கூட இருக்கும் இரண்டு நண்பர்களின் நம்பர்.
4. வேலை ஒப்பந்தத்தின் நகல்.
5. காப்பீட்டுப் பாலிசியின் எண், முடியும் தேதி, வாரிசாக யார் பெயர் உள்ளது என்ற விவரம்.
6. அனுப்பிய ஏஜெண்டின் பெயர், அவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்ற விவரம்.
7. இரத்த வகை, சர்க்கரை, பிரஷர், ஒவ்வாத மருந்து.

அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிந்தால் காப்பீட்டுத் திட்டங்களிலும் சேரலாம். போகும் முன்பே பதிந்துவிடுவது நல்லது. வீட்டில் ஒருவராவது பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள். சாதாரண விண்ணப்பத்துக்கு 1,500 ரூபாய், அவசரமாக தட்கலில் எடுத்தால் இன்னும் 2,000 ரூபாய் கூடும்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் வெளிநாட்டுக்கு, வெளிமாநிலத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்?
2. அவர்களுடைய பாஸ்போர்ட் எண் வீட்டில் யாருக்குத் தெரியும்?
3. அவசர நேரத்தில் தவணையைத் தள்ளிவைக்க நம் குழுவில் விதி இருக்கிறதா? இல்லையென்றால் இந்தக் கூட்டத்திலேயே எழுதலாமா?

இன்று இரவு போன் பேசும்போது சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, "உன் இன்சூரன்ஸ் தாளை போட்டோ எடுத்து அனுப்பு" என்றும் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நோட்டை எழுதி எடுத்து வாருங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.