அடைத்த பல் ஏன் கழன்று விழுகிறது?

"பல்ல அடைச்சா நிக்காதுங்க, புடுங்கிட்டா நிம்மதி" என்று நமது தோட்டங்களில் பலரும் சொல்லக் கேட்கிறோம். பன்விலவிலிருந்து வத்தேகாமம் வழியாகக் கண்டிக்குப் போய், அங்கிருந்து பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்குப் போய்வர ஒரு நாள் பேர் போய்விடும். அப்படி அடைத்தது சில மாதத்தில் விழுந்தால் கோபம் வருவது நியாயந்தான். ஆனாலும் புடுங்கிய பல் திரும்ப முளைக்காது. ஆகவே வெள்ளை அடைப்பு எப்படி ஒட்டுகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

டியூபில் பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் ரப்பரைச் சுரண்டுவார்கள். பிறகு சொலூஷன் பூசிக் காயவிடுவார்கள். அவசரப்பட்டால் ஒட்டு நிற்காது. பல்லிலும் ஏறக்குறைய அதே வேலைதான். சுரண்டுவதற்குப் பதிலாக அமிலம் பூசுகிறார்கள். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கத் தொழிற்சாலைகளில் பொஸ்பரிக் அமிலம் பூசும் வழக்கம் இருந்தது. அதைப் பார்த்து அமெரிக்கரான மைக்கல் புவனகோர் 1955இல் அதே அமிலத்தைப் பல்லின் எனாமலில் 30 விநாடி வைத்தார். கண்ணுக்குத் தெரியாத சிறு குழிகள் விழுந்தன. பசை அவற்றில் இறங்கிப் பிடித்துக்கொண்டது.

எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினில்தான் சிக்கல். அங்கே அமிலம் சுமார் 15 விநாடி போதும். கழுவியபின் எலும்புபோலக் காய வைத்துவிட்டால், அதிலுள்ள மெல்லிய நார்கள் தண்ணீரை விட்டு எடுத்த பாசி மாதிரி படிந்துபோகும். பசை உள்ளே போகாது. ஈரம் மிஞ்சினாலும் பிடிக்காது. லேசான பளபளப்பு மட்டும் இருக்க வேண்டும். சில பசைகளில் அமிலம் சேர்ந்தே வரும். அவற்றுக்கு முறை கொஞ்சம் வேறு. எதுவானாலும் சின்னப் பிரஷ்ஷால் சுமார் 20 விநாடி தேய்த்துப் பூசி, மெதுவாகக் காற்றடித்து, அதன் பிறகே நீல வெளிச்சம் காட்ட வேண்டும். ஒரே குப்பிப் பசைதான், பூசும் கையைப் பொறுத்து உறுதி மாறும்.

இதில் நமது பங்கும் உண்டு. அமிலம் கழுவிய இடத்தில் ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் ஒட்டு பலவீனமாகும். கன்னத்தில் பஞ்சு வைத்திருக்கும்போது வாயை மூடவோ, துப்ப எழும்பவோ வேண்டாம். எச்சில் ஊறினால் கையைத் தூக்கிக் காட்டுங்கள், டொக்டர் உறிஞ்சி எடுப்பார். அன்றைக்கு வெத்திலை போடாமல் போங்கள்.

அப்படியும் விழுந்தால், வலி வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த வாரமே திரும்பப் போங்கள். குழி நரம்புவரை போகாதிருந்தால் அதே பல்லை மறுபடி அடைக்கலாம்.