சீஸ் உறையில் 234 என்ன எண்?

கேள்வி: மகளுக்குத் தினமும் சீஸ் ஸ்லைஸ் வைத்து பிரெட் கொடுக்கிறேன். உறையில் 200, 234 என்று இரண்டு எண்கள். 234 என்பது நைசினாம், பாக்டீரியாவைக் கொல்லுமாம். அப்படியானால் குழந்தைக்கு நான் தினமும் ஆன்டிபயாடிக் கொடுக்கிறேனா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உறையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிப்பவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. பயம் வேண்டாம்.

எண்ணைப் பார்த்ததும் ரசாயனம் என்று நினைக்கிறோம். நைசின் உருவாவதோ பால் புளிக்கும் இடத்தில். லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியா, போட்டிக்கு வரும் மற்ற பாக்டீரியாக்களை விரட்டச் சுரப்பது இது. 34 அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு, அதாவது குட்டிப் புரதம். அதனால் சிறுகுடலின் செரிமான நொதிகள் மற்ற புரதங்களைப் போலவே இதையும் வெட்டிப்போடுகின்றன. நோய்க்கு மாத்திரையாக இதைக் கொடுக்கும் வழக்கமும் இல்லை. அளவும் சொற்பம்: கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநெறி, கிலோ சீஸுக்கு 12.5 மில்லிகிராம்தான் அனுமதிக்கிறது. 20 கிராம் ஸ்லைஸுக்குக் கணக்குப் போட்டால் கால் மில்லிகிராம்.

சரி, உருக்கிக் காய்ச்சிய சீஸில் இது எதற்கு? சூட்டில் பாக்டீரியா சாகும். கிளாஸ்ட்ரிடியம் போன்றவற்றின் ஸ்போர்கள், அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் வித்துகள், பிழைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத உறை அவற்றுக்குச் சொர்க்கம். வித்து விழித்து வளரத் தொடங்கும்போது நைசின் அதைப் பிடிக்கிறது. பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டக் கல் சுமக்கும் சித்தாள் போன்ற ஒரு மூலக்கூறு, லிப்பிட் II. நைசின் அதைப் பற்றிக்கொண்டு சவ்வில் ஓட்டை போடும். உள்ளே இருப்பது ஒழுகி, பாக்டீரியா சாகும். நம் செல்களுக்குச் செல்சுவரே கிடையாது. லிப்பிட் II-வும் இல்லை.

இயற்கையானது என்பதால் எல்லாவற்றையும் தடுக்கும் என்றும் நினைக்கவேண்டாம். ஈ.கோலை, சால்மோனெல்லா ஆகியவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. நைசினால் தனியாக அதைத் தாண்ட முடியாது. பூஞ்சையிடமும் பலிக்காது. நீங்கள் பார்த்த 200, அதாவது சார்பிக் அமிலம், பூஞ்சைக்காகத்தான் துணைக்கு வந்திருக்கிறது. நல்ல கூட்டணி!

ஆகவே பிரித்த பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஈரக்கையால் எடுக்காதீர்கள். பூஞ்சை பூத்த ஸ்லைஸைச் சுரண்டிவிட்டுக் கொடுக்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள். தினமும் சீஸ் என்றால் கவனிக்கவேண்டியது 234 அல்ல. அதே உறையில் எழுதியிருக்கும் உப்பின் அளவு.