அறுந்த இழையை அன்றே முடிவோம்



அய்யா வைகுண்டர் துவையல் தவசுக்கு மக்களை ஆளாளாக அழைக்கவில்லை. குடும்பம் குடும்பமாக அழைத்தார். 700 குடும்பங்கள் வாகைப்பதிக் கடற்கரையில் கூடின. அங்கே அவர்கள் செய்தது என்ன? கடலில் குளித்தார்கள். உடுத்திய துணியைத் துவைத்தார்கள். பச்சரிசியும் சிறுபயறும் பொங்கி உண்டார்கள். ஒருமனதாக வணங்கினார்கள். எல்லாம் நம் வீட்டில் அன்றாடம் நடக்கும் வேலைகள்தான். அவற்றையே ஒன்றாகவும் ஒழுங்காகவும் செய்ய வைத்து, தவமாக்கித் தந்தார் அய்யா. தலைப்பாகை கட்டவும் உரிமையற்றுக் கிடந்த மக்கள் அந்தத் தவத்தில் தலைநிமிர்ந்தார்கள்.

குடும்பம் ஒன்றுபட இதைவிடப் பெரிய வழி தேட வேண்டாம். அன்றாட வேலையைச் சேர்ந்து செய்வதே வழி. ஆனால் அதற்கும் மனம் வேண்டும். இதை விளங்கிக்கொள்ள, திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியில் ஒரு பட்டு நெசவு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

தறிக்குழியில் கால்வைத்து ஒருவர் நெய்கிறார். இன்னொருவர் தார் சுற்றுகிறார். புதுப் பாவு வந்தால், பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புது இழையைப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள்! ஒரு சேலை ஒருவர் கையால் மட்டும் உருவாவதில்லை.

இப்படி நாள் முழுதும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்பவர்களும் மனத்தால் விலகிப்போவதுண்டு. கூலி போதாத கவலை, கடன், காலக்கெடு எல்லாம் சேர்ந்து கோபமாகி, பக்கத்தில் இருப்பவர் மேலேயே விழும். இரவானால் ஆளுக்கொரு கைப்பேசி. ஒரே வீட்டில் உழைப்பது வேறு, ஒருவரையொருவர் தாங்கி வாழ்வது வேறு.

தறியில் இழை அறுந்தால் நெசவாளர் என்ன செய்கிறார்? தறியை நிறுத்துகிறார், அறுந்த முனைகளைத் தேடி எடுக்கிறார், முடிந்த பிறகே நாடாவை ஓட்டுகிறார். பார்க்காததுபோல் நெய்துகொண்டே போனால் குறை துணியில் நீண்டு தெரியும். குடும்பத்தில் அறுந்த பேச்சும் அப்படித்தான்.

ஆகவே நம் வீடுகளில் இந்த நான்கையும் தொடங்குவோம்.

1. அந்தியில் விளக்கேற்றி, திருநாமம் தரித்து, எல்லோரும் சேர்ந்து உகப்படிப்புப் படிப்போம். ஒரு நாள் பிள்ளை முன்நின்று படிக்கட்டும், பெரியவர்கள் பின்தொடரட்டும்.

2. ஒருவேளையாவது ஒன்றாக உட்கார்ந்து உண்போம். சமைத்தவர் கடைசியில் தனியே உண்ணும் வழக்கத்தை விடுவோம்.

3. துணி துவைப்பது, தண்ணீர் எடுப்பது, பாத்திரம் கழுவுவது, இவற்றை ஆண் பெண் பாராமல் பகிர்ந்து செய்வோம். துவையல் தவசில் துவைத்தவர்கள் பெண்கள் மட்டும் அல்லவே. பிள்ளைகளும் கைகொடுக்கட்டும், ஆனால் வீட்டுத்தொழில் அவர்கள் படிப்பைத் தின்றுவிடக் கூடாது.

4. தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே அய்யா காட்டிய தர்மம். வாரம் ஒருமுறை, யாருக்கு என்ன உதவி செய்யலாம் என்று குடும்பமாகக் கூடிப் பேசுவோம். பொருளைப் பிள்ளையின் கையால் கொடுக்கச் செய்வோம். சொல்லிக் கேட்டதைவிடச் செய்து பார்த்தது மனத்தில் நிற்கும்.

பதியில் கண்ணாடி முன் நிற்கும்போது நம் முகத்தையே காண்கிறோம். உள்ளே இறைவன் இருப்பதை உணர்கிறோம். அதே இறைவன் மனைவியிடமும், கணவரிடமும், வயதான தாயிடமும், அடம்பிடிக்கும் பிள்ளையிடமும் இருக்கிறார். அதை மறந்து ஒருவரை ஏசிவிட்டு விளக்கேற்றினால் அந்தப் பணிவிடை நிறைவாகுமா?

சிந்திக்க: இன்று நம் வீட்டில் அறுந்து கிடக்கும் இழை எது? யார் முதலில் குனிந்து எடுப்பது? பெரியவர் முதலில் குனிந்தால் சிறியவர் பொறுமையைக் கற்றுக்கொள்வார். விளக்கு அணையும் முன் அதை முடிந்துவிடுவோம்.

அய்யா துணை.