முதியோரின் கடனும் வங்கிக் கட்டணமும்: பராமரிப்போர் அறிய வேண்டியவை

பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்த 73 வயதுத் தந்தையை உடனிருந்து கவனித்துவந்த மகள் ஒருவர், ஒரு நாள் காலை எங்கள் சமூகப் பணிப் பிரிவுக்கு வந்தார். கையில் மஞ்சள் பை ஒன்று. அதனுள் மூன்று வங்கிகளின் கணக்குப் புத்தகங்கள், ஒரு நகைக்கடன் அட்டை, பிரிக்கப்படாத சில உறைகள். தந்தைக்குக் கடன் இருப்பதே அவருக்கு முந்தைய நாள்தான் தெரியவந்திருந்தது. "கேட்டால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்" என்றார். விவரங்களைச் சற்றே மாற்றி, அந்தப் பையில் இருந்தவற்றைக் கொண்டே இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுத்தே பழகிய ஒருவரிடம், உறவினர் சூழ்ந்திருக்கும் படுக்கையருகே "எவ்வளவு கடன் இருக்கிறது?" என்று கேட்டால் அது விசாரணையாகிவிடும். அந்த மகளிடம் கேள்வியை மாற்றிக் கேட்கச் சொன்னோம். "இந்த மாதம் எந்தத் தேதிக்குள் எங்கே பணம் கட்ட வேண்டும், அப்பா? நான் போய்க் கட்டிவிட்டு வருகிறேன்." இதற்கு அவர் பதில் சொன்னார். இன்னொன்றையும் மனத்திற்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் தங்கும் முதியோர் சிலருக்குத் தற்காலிக மனக்குழப்பம் ஏற்படுவதுண்டு. மாலையிலும் இரவிலும் அது மிகும். ஆகவே பணம் பற்றிய பேச்சை, அவர் தெளிவாக இருக்கும் காலைப் பொழுதில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, கணக்குப் புத்தகத்தில் ஆறு மாத வரவு செலவைப் பதிவிட்டு வாங்கி, ஒவ்வொரு பற்றுக்கும் காரணம் எழுதிப் பார்த்தோம். பிற வங்கியின் ஏ.டி.எம்.மில் இலவச முறைகள் முடிந்த பிறகு எடுத்த பணத்திற்குக் கட்டணம் பிடிக்கப்பட்டிருந்தது. மீதி எவ்வளவு என்று பார்ப்பதும் அந்த முறைகளுள் ஒன்றாகவே எண்ணப்படும் என்பது முதியவருக்குத் தெரியவில்லை. அவர் அடிக்கடி மீதி பார்ப்பவர். கடன் தவணையோ 5ஆம் தேதி தானாகப் பற்றாவது. மருத்துவச் செலவுக்காக 1ஆம் தேதியே பணம் எடுக்கப்பட்டதால் இரண்டு மாதம் தவணை திரும்பியிருந்தது. ஒரே தவணை திரும்பினால் வங்கி ஒரு கட்டணமும், கடன் கொடுத்த நிறுவனம் வேறொரு கட்டணமும் விதிக்கும். வங்கிக் கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் சேரும். தவணைத் தேதியை ஓய்வூதியம் வரவாகும் நாளுக்கு மறுநாளாக மாற்றித் தரும்படி எழுதிக் கேட்பதே இங்குச் செய்யத்தக்கது.

மற்ற இரு கணக்குகளும் வெறுமனே கிடந்தவை. ஒன்றில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதம் பிடிக்கப்பட்டிருந்தது. இதற்கு விதிகள் உண்டு. இருப்பு குறைந்தால் வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தெரிவித்து, சரிசெய்ய ஒரு மாத அவகாசம் தர வேண்டும் என்றும், அபராதத்தால் மட்டுமே கணக்கின் இருப்பு பூச்சியத்திற்குக் கீழே போகக் கூடாது என்றும் இந்திய ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. 2015 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. இரண்டாண்டுக்கு மேல் இயங்காத கணக்கில் இந்த அபராதமே கூடாது. பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் இக்கட்டணத்தை அறவே நீக்கியது. எந்த வங்கியிலும் குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கைக் கேட்டுப் பெறலாம். தேவையற்ற கணக்குகளை முடித்துவிடுவது அதனினும் எளிது.

அந்த மகளின் உண்மையான இடர் வேறு. ஓய்வூதியக் கணக்கில் பணம் இருந்தது. எடுக்கத்தான் வழியில்லை. தந்தையால் கையெழுத்திட இயலாது. இடக்கையால் இட்ட கையெழுத்து பொருந்தவில்லை என்று கிளையில் திருப்பி அனுப்பிவிட்டனர். இத்தகைய நிலையில் பலர் தந்தையின் ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் வாங்கிக்கொள்கின்றனர். அவசரத்தில் செய்வது புரிகிறது. எனினும் வங்கி விதிப்படி அது தவறு. பின்னாளில் உடன்பிறந்தோர் கணக்குக் கேட்கும்போது காட்ட ஒரு தாளும் இராது.

முறையான வழி உள்ளது. கையெழுத்திட இயலாத நோயாளி பெருவிரல் ரேகையோ, அதுவும் இயலாவிடில் கால்விரல் ரேகையோ வைத்துப் பணம் பெறலாம். அதனைச் சார்பற்ற இரு சாட்சிகள் உறுதிசெய்ய வேண்டும். அவருள் ஒருவர் வங்கியின் பொறுப்புள்ள அதிகாரியாக இருத்தல் வேண்டும். ரேகையும் வைக்க இயலாதவர் ஏதேனும் ஓர் அடையாளக் குறி இடலாம். அதற்கும் இதே சாட்சி முறைதான். பணத்தை யார் பெற்றுச் செல்வார் என்பதையும் நோயாளியே குறிப்பிடலாம். மேலும், 70 வயது கடந்தோருக்கு வீடு தேடிச் சென்று அடிப்படைச் சேவைகளை வழங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. இவற்றைக் குறிப்பிட்டு, மருத்துவரின் சான்றை இணைத்துக் கிளை மேலாளருக்குக் கடிதம் கொடுத்தோம். நான்காம் நாள் அதிகாரி ஒருவர் வார்டுக்கே வந்தார். தந்தை இடக்கைப் பெருவிரலை வைத்தார். அன்று அவர் மகளிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்ததாகச் செவிலியர் சொன்னார்.

நினைவு தெளிவாக இருக்கும்போதே கூட்டுக் கணக்காக மாற்றிக்கொண்டால் இந்த அலைச்சல் குறையும். மத்திய அரசு ஓய்வூதியர் தம் வாழ்க்கைத் துணையுடன் சேர்ந்து கணக்கு வைத்துக்கொள்ளலாம். பவர் பத்திரம் இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருக்கின்றனர். எழுதிக் கொடுத்தவர் மனநிலை தெளிவை இழந்துவிட்டால் அப்பத்திரம் செல்லாது போகும் என்பதை அவர்கள் அறிவதில்லை. அதன் பிறகு நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும்.

கடன்களில் முதலில் பார்க்க வேண்டியது நகைக்கடன். கெடு கடந்தால் ஏல அறிவிப்பு வீட்டு முகவரிக்கே வரும். வீடோ பூட்டிக் கிடக்கும். பிரிக்கப்படாத உறைகளுள் ஒன்று அத்தகையதே. வட்டியைக் கட்டிக் கடனைப் புதுப்பிக்க இயலுமா என்று உடனே நேரில் கேட்க வேண்டும். அந்த மகள் கேட்டார். தாயின் சங்கிலி தப்பியது. பிணையற்ற தனிநபர் கடனுக்கு அத்தகைய அவசரம் இல்லை. வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, மிரட்டவும் கூடாது. பெற்றோரின் கடனுக்குப் பிள்ளைகள், தாம் பிணைக் கையெழுத்தோ கூட்டுக் கையெழுத்தோ இட்டிருந்தாலன்றி, தம் சொந்தப் பணத்திலிருந்து பொறுப்பாக மாட்டார்கள். பெற்றோர் காலத்திற்குப் பின்னும் அவர்கள் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே பொறுப்பு. ஆகவே, அச்சத்தில் புதிய தாள்களில் கையெழுத்திட வேண்டாம். கைப்பேசிச் செயலியில் கடன் வாங்கிப் பழைய கடனை அடைக்கவும் வேண்டாம்.

தவறாகப் பிடித்த கட்டணத்திற்கு முதலில் வங்கிக்கே எழுத்துவழிப் புகார் அளிக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிடினும், வந்த பதில் நிறைவளிக்காவிடினும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம், கட்டணம் இல்லை. விவரமறிய 14448 என்ற எண் உள்ளது. இக்குடும்பத்திற்கு அபராதத் தொகை திரும்பக் கிடைத்தது. தவணை திரும்பிய கட்டணம் கிடைக்கவில்லை. அது விதிப்படி பிடிக்கப்பட்டதே.

இத்தகைய கடிதங்களை எழுத எங்கள் பிரிவு உதவும். கணக்குப் புத்தகங்களுடன், பிரிக்கப்படாத உறைகளையும் அப்படியே கொண்டுவரலாம்.