அம்மாவின் துளசியும் தண்ணீர் ஏறும் வழியும்



போன டிசம்பரில் அம்மா மயிலாடுதுறைக்குப் போனாங்க. பெரியம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், கூட இருக்க ஆள் வேணும்னு ஆறு வாரம். சுவா சூ காங்கில் எங்க வீடு எட்டாவது மாடி. தாழ்வாரத்தில், கதவுக்குப் பக்கத்தில் ஒரு துளசிச் செடி. தேக்காவில் வாங்கி வந்து அம்மா நாலு வருஷமா வளர்த்தது. கிளம்பும்போது கரண்ட் பில், கேஸ் எதைப் பற்றியும் பேசலை. "துளசியை மட்டும் பாத்துக்கப்பா"ன்னு சொல்லிட்டு மின்தூக்கியில் ஏறிட்டாங்க.

நான் பாத்துக்கிட்ட லட்சணத்தைக் கேளுங்க. காலையில் ஒரு சொம்பு தண்ணி, வேலை முடிஞ்சு வந்து ஒரு சொம்பு. ரெண்டாவது வாரம் இலையெல்லாம் தொங்கிப்போச்சு. தண்ணி பத்தலை போலன்னு மூணு சொம்பாக்கினேன். இன்னும் தொங்கியது. சத்து இல்லையோ என்று கடையில் உரம் வாங்கி, பாக்கெட்டில் போட்டிருந்த அளவைப்போல ரெண்டு மடங்கு கரைச்சு ஊத்தினேன். கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பிச்சது.

இதில் வெட்கம் என்னன்னா, ஞாயிற்றுக்கிழமைகளில் நம்ம பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித் தர்றவன் நான். அந்த வாரப் பாடமே தாவரங்களில் கடத்தல். துளசியின் கதையைச் சொன்னதும், உயர்நிலை மூன்று படிக்கப்போகும் ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணா, மண்ணு முழுக்க ஈரமா இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் ஏன் வாடுது?" பாடப்புத்தகத்தில் இருந்ததை ஒப்பிச்சேன். அவளுக்கும் போதலை, எனக்கும் போதலை. இந்தக் கட்டுரை அவளுக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய பதில்.

வேரிலிருந்து ஆரம்பிப்போம். வேர் நுனிக்குச் சற்று மேலே வெள்ளையாக மெல்லிய தூவிகள் இருக்கும். ஒவ்வொரு வேர்த்தூவியும் ஒரே ஒரு செல்லின் நீட்சிதான். அது மண் துகள்களுக்கு நடுவே நுழைந்து ஈரத்தைத் தொடுகிறது. செல்லுக்குள்ளே உப்புகளும் சர்க்கரையும் கரைந்து அடர்த்தியாக இருக்கு. வெளியே மண்ணில் உள்ள நீர் அவ்வளவு அடர்த்தி இல்லை. நடுவில் ஒரு சவ்வு. நீர் குறைந்த அடர்த்தியிலிருந்து கூடின அடர்த்திக்குத் தானாகவே போகும். பள்ளியில் 'ஆஸ்மோசிஸ்' என்று எழுதுவீங்க. தமிழில் சவ்வூடு பரவல். நீருக்கென்றே அந்தச் சவ்வில் நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன, 'அக்குவாபோரின்' என்று பெயர். அதைக் கண்டுபிடித்த பீட்டர் அக்ரி 2003ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இப்போ என் உரத்தைப் பாருங்க. ரெண்டு மடங்கு கரைச்சு ஊத்தினதும் மண்ணில் உப்பு கூடிப்போச்சு. வெளியே அடர்த்தி ஏறினால் நீர் உள்ளே வராது, உள்ளே இருப்பதும் வெளியே போகும். ஊறுகாய்க்கு மாங்காயை வெட்டி உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் தண்ணி விட்டு நிற்குமே, அதே சங்கதி. வாடின செடிக்குச் சத்து கொடுக்கிறதா நினைச்சு, நான் அதை ஊறுகாய் போட்டிருக்கேன்.

தாது உப்புகளின் கதை வேற. நைட்ரேட், பொட்டாசியம் இதெல்லாம் மண் நீரில் கொஞ்சமாகவும் வேருக்குள் அதிகமாகவும் இருக்கும். கொஞ்சமா இருக்கிற இடத்திலிருந்து நிறைய இருக்கிற இடத்துக்கு எதுவும் தானாக வராது. வேர் சக்தியைச் செலவழிச்சு இழுக்கணும். செயல்மிகு கடத்தல் என்பது இதைத்தான். சக்தி வேணும்னா வேர் சுவாசிக்கணும், சுவாசிக்க ஆக்சிஜன் வேணும். மண் துகள்களின் இடைவெளியில் இருக்கும் காற்றிலிருந்துதான் அது வருது.

அந்த இடைவெளியை எல்லாம் நான் தண்ணியால் அடைச்சுட்டேன். நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. வேருக்கு மூச்சு முட்டிப்போச்சு. மூச்சு முட்டினால் உப்பை இழுக்க முடியாது. அதோடு நான் சொன்ன அந்த நீர் வாசல்களும் மூடிக்கொள்ளும். கழுத்தளவு தண்ணியில் நின்றுகொண்டு தாகத்தில் வாடுகிறது செடி. தங்கை கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

இதைச் சொன்னால் ஒரு குறுக்குக் கேள்வி வரும்: கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் பண்ணைகளில் மண்ணே இல்லாமல் தண்ணீரில் கீரை வளர்க்கிறாங்களே? அங்கே தண்ணீர் தேங்கி நிற்பதில்லை. மெல்லிய ஓட்டமாக வேரை நனைத்துக்கொண்டு ஓடும், அல்லது காற்றுக் குமிழி விட்டுக்கொண்டே இருப்பாங்க. என் தொட்டியின் அடித்தட்டிலோ பழைய தண்ணி அப்படியே நின்றது. டெங்கிக்குப் பயந்தாவது அந்தத் தட்டைக் கவிழ்த்திருக்கலாம், செடியும் பிழைச்சிருக்கும்.

சரி, வேருக்குள் நுழைந்த நீர் மேலே எப்படி ஏறுது? நம்ம வீவக புளோக்கில் கூரையில் தண்ணீர்த் தொட்டி இருக்கு. கீழிருந்து மோட்டார் அதை ஏற்றுது. மோட்டார் நின்றால் மேல் மாடிக்காரங்க பாடு திண்டாட்டம். ஆனா சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்துக்கு மோட்டார் எங்கே? மேலே உறிஞ்சு பம்பு வைத்து இழுத்தாலும் காற்றழுத்தம் நீரைச் சுமார் 10 மீட்டர்தான் தூக்கும். நாலாவது மாடிகூடத் தாண்டாது. பக்கத்தில் சபாவில், டானும் பள்ளத்தாக்கில் 'மெனாரா' என்று பெயரிட்ட ஒரு மெராந்தி மரம் 100.8 மீட்டர் உயரம். அதன் உச்சி இலைக்கும் தண்ணி போய்ச் சேருது.

வேர் கீழிருந்து தள்ளுகிறது என்றுதான் பலரும் எழுதுறாங்க. அரை உண்மை. விடியற்காலையில் சேம்பு இலை நுனியில் முத்து மாதிரி நீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீங்க. அது வேரழுத்தம் தள்ளிய நீர். ஆனால் அந்த அழுத்தம் சின்னச் செடிக்குப் போதும், பெரிய மரத்துக்குப் போதாது.

உண்மையான வேலை நடப்பது மேலே, இலையில். இலைத்துளைகள் திறந்ததும் உள்ளே ஈரமாக இருக்கும் செல் சுவர்களிலிருந்து நீர் ஆவியாகிப் போகுது. போகிற ஒவ்வொரு துளியும் பின்னால் இருப்பதை இழுக்கும், ஏனென்றால் நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பலமாகப் பிடித்துக்கொள்பவை. இலையிலிருந்து வேர் வரை சைலம் என்ற மெல்லிய குழாய்களில் அறுபடாத ஒரே நீர் இழை நிற்குது. தேர் வடத்தை நினைச்சுக்குங்க. முன்னால் நிற்பவர்கள் இழுக்க இழுக்க வடம் முழுக்க விறைப்பாகுது, பின்னால் யாரும் வடத்தைத் தள்ளுவதில்லை. இன்னொன்று: சைலம் குழாய்கள் செத்த செல்கள். உள்ளே எதுவும் இல்லாத வெறும் குழாயாக இருப்பதால்தான் நீர் தடையில்லாமல் போகுது. செடி உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இப்படிக் காற்றில்தான் கலக்குது. வீண் இல்லை. தாது உப்புகள் மேலே பயணம் போவதும் அந்த ஓட்டத்தில்தான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். இலையோடு ரெண்டு செலரித் தண்டு வாங்கி, நீல நிறம் கலந்த தண்ணீரில் வைங்க. ஒன்றை மின்விசிறிக்கு முன்னால் வைங்க, இன்னொன்றின் இலைகளைப் பிளாஸ்டிக் பையால் மூடுங்க. விசிறி முன்னால் இருப்பதில் நீலம் வேகமாக ஏறும். என் இன்னொரு தப்பும் இதிலேயே இருக்கு. டிசம்பரில் வானம் மூடி, காற்றில் ஈரம் கூடி, துளசி குடிப்பதே குறைந்திருந்தது. அந்த மாசம் பார்த்துத்தான் நான் சொம்பைக் கூட்டினேன்.

இழுவைக் கருத்தை 1894ல் டப்ளினைச் சேர்ந்த டிக்சனும் ஜோலியும் முன்வைத்தாங்க. இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லணும். நம்ம ஜகதீஷ் சந்திர போஸ் இதை ஏற்கவில்லை. தண்டுக்குள் உயிருள்ள செல்கள் இதயம் மாதிரித் துடித்து நீரை மேலே தள்ளுகின்றன என்று 1923ல் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் அதற்கு முன்பே ஜெர்மனியில் ஸ்ட்ராஸ்பர்கர் உயரமான மரங்களை அடியில் வெட்டி விஷக் கரைசலில் நிறுத்திப் பார்த்திருந்தார். விஷம் மேலே ஏறி வழியில் இருந்த செல்களைக் கொன்றது, அதற்குப் பிறகும் நீர் ஏறிக்கொண்டே இருந்தது. துடிக்க உயிர் இல்லாத இடத்திலும் ஓட்டம் நிற்கலை. இந்த ஒரு விஷயத்தில் போஸ் தோற்றார். செடிகளுக்குள் ஓடும் மின் சைகைகளை அவர் அளந்த வேலைக்கு இன்றும் மதிப்பு இருக்கு. "மரத்துக்கும் இதயம் உண்டு, போஸ் நிரூபிச்சார்"னு வாட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பெருமையா அனுப்புறவங்களிடம் நான் இதைச் சொல்லி ரெண்டு குழுவில் கெட்ட பெயர் வாங்கியிருக்கேன். பரவாயில்லை. அவர் கருவிகளை நம்பினவர், கருவி என்ன சொல்லுதுன்னு நாமும் பார்ப்போம்.

அப்படி ஒரு கருவியை 1965ல் ஷோலாண்டர் பயன்படுத்தினார். வெட்டின கிளையை இரும்புக் கலத்துக்குள் வைத்து, வெட்டுமுனையை மட்டும் வெளியே நீட்டி, உள்ளே வாயு அழுத்தத்தை ஏற்றினார். எந்த அழுத்தத்தில் வெட்டுமுனையில் நீர் துளிர்க்கிறதோ, இலை அவ்வளவு பலமாக இழுத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அலையாத்தி மரங்களில் அது காற்றழுத்தத்தைப் போல 30 மடங்கிலிருந்து 60 மடங்கு வரை வந்தது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று ரெண்டரை மடங்குக்குப் பக்கத்தில்தான்.

அலையாத்திக்கு ஏன் அவ்வளவு பலம்? கடல் நீரின் உப்பு நீரைத் தன் பக்கமே பிடித்து வைத்திருக்கும், சுமார் 25 மடங்கு காற்றழுத்தத்தின் பலத்தோடு. அதை மிஞ்சி இழுத்தால்தான் நல்ல தண்ணி வேருக்குள் வரும், உப்பு வெளியே நிற்கும். துவாசில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இயந்திரம் சவ்வின் வழியே நீரை அழுத்தித் தள்ளுது. சுங்கை பூலோவில் மரம் அதையே வெயிலின் உதவியோடு இழுத்துச் செய்யுது. எங்க வகுப்புப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை அங்கே கூட்டிக்கிட்டுப் போனேன். அலை வற்றின நேரம். சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்த மாதிரி நூற்றுக்கணக்கில் குச்சிகள். "அண்ணா, இதுதான் மூச்சு விடுற வேரா?" என்று அதே தங்கை கேட்டாள். ஆமாம். சேற்றில் காற்று இல்லை என்பதால் வேர் தானே மேலே வந்து மூச்சு வாங்குது. துளசிக்கு அந்த வசதி கிடையாது.

இலை சமைக்கும் சர்க்கரை போகும் வழி வேற. அது ஃபுளோயம் குழாய்களில் போகுது. இவை உயிருள்ளவை, மரத்தில் பட்டையை ஒட்டி இருக்கும். சைலத்தில் மேல் நோக்கி ஒரே ஓட்டம். ஃபுளோயமோ இலையிலிருந்து எங்கே தேவையோ அங்கே கொண்டுபோகும்: வேருக்கு, தளிருக்கு, பூவுக்கு. அம்மா வாரா வாரம் துளசிக் கதிரைக் கிள்ளி சாமிக்கு வைப்பாங்க. கிள்ளாமல் விட்டால் சர்க்கரையெல்லாம் விதைக்குப் போய்ச் செடி இலை விடுவது குறையும். ஃபுளோயம் என்ற பெயர் தெரியாமலே அம்மா அதைத் திருப்பிவிட்டுக்கிட்டு இருந்திருக்காங்க.

மஞ்சள் இலையைப் படிக்கவும் இது உதவும். நைட்ரஜனையும் மெக்னீசியத்தையும் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதுத் தளிருக்கு ஃபுளோயம் வழியாக அனுப்பச் செடியால் முடியும், அதனால் இவை குறைந்தால் கீழ் இலைகள் முதலில் வெளுக்கும். இரும்பை அப்படி எளிதில் நகர்த்த முடியாது. அது குறைந்தால் நரம்பு மட்டும் பச்சையாக நின்று தளிர் வெளுக்கும். என் துளசியில் வெளுத்தது கீழ் இலைகள். மண்ணில் நைட்ரேட் ஏராளமா இருந்தும், இழுக்க வேருக்குத் தெம்பில்லை.

வேறு வழியில்லாமல் அம்மாவுக்கு வீடியோ போட்டுக் காட்டினேன். திட்டலை. "மண்ணுல விரலை விட்டுப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டாங்க. பார்க்கலை. அன்று ராத்திரி செடியைத் தொட்டியிலிருந்து எடுத்தால் வேர் பழுப்பாகி, கையோடு வந்தது, நாற்றம் வேற. காப்பாற்ற முடியாதுன்னு தெரிந்தது. மேலே பச்சையாக இருந்த மூணு கிளையை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கண்ணாடித் தம்ளரில் வைத்தேன். வேர் இல்லாத கிளை வெட்டுவாயில் தெரியும் சைலம் வழியே குடிக்கும். ஆனால் குடிப்பதைவிட இலை இழப்பது கூடிவிடக் கூடாதுன்னு மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தேன். தினமும் தண்ணி மாற்றினேன், ஆக்சிஜனுக்கும் கொசுவுக்கும் சேர்த்து.

ஒரு கிளை கறுத்துப்போச்சு. மற்ற ரெண்டிலும் பன்னிரண்டாம் நாள் வெள்ளையாய் வேர் எட்டிப் பார்த்தது. அம்மா ஜனவரியில் வந்து இறங்கினப்போ சின்னத் தொட்டியில் ரெண்டு துளசி, ஆளுக்கு ஆறேழு இலையோடு. பையைக்கூடக் கீழே வைக்காமல் குனிந்து மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாங்க. "நாளைக்கு ஊத்தினாப் போதும்"னு சொல்லிட்டு உள்ளே போனாங்க.