ஆறு பாடிய பாட்டு

பெங்களூரு மக்கள் பருகும் நீரில் பெரும்பகுதி காவிரியிலிருந்து வருகிறது. அக்காவிரியே வாய்திறந்து பேசுவதாகப் பாட்டொன்றை இயற்றிய இசைக்குழு அந்நகரில் உள்ளது. அதன் பெயர் ஸ்வராத்மா. ஸ்வரம், ஆத்மா என்னும் இரு வடசொற்கள் இணைந்த பெயர் அது.

2002ஆம் ஆண்டில் வாசு தீட்சித் என்னும் பாடகர் தம் நண்பர்களுடன் இக்குழுவைத் தொடங்கினார். பின்னர் ஜிஷ்ணு தாஸ்குப்தா, சஞ்சீவ் நாயக், வருண் முரளி, மாண்ட்ரி மானுவல் முதலியோர் இணைந்தனர். கிதார், வயலின், டிரம்ஸ் ஆகியவற்றின் முழக்கத்தோடு நாட்டுப்புற மெட்டுகளைக் கலந்து பாடுவது இவர்கள் வழி. இதனை நாட்டுப்புற ராக் இசை என்பர். திரைப்படத்தைச் சாராமல், தாமே பாடல் புனைந்து, இந்தியிலும் கன்னடத்திலும் பாடினர். வண்ண உடை அணிந்தும், நம் பொய்க்கால் குதிரையை நினைவூட்டும் குதிரை உருவம் கட்டி ஆடியும் மேடையில் மக்களை மகிழ்வித்தனர்.

2006ஆம் ஆண்டில் ரேடியோ சிட்டி வானொலி நடத்திய போட்டியில் இக்குழு வெற்றி பெற்றது. குழுவின் பெயரையே தாங்கிய முதல் இசைத்தொகுப்பு 2009இல் வெளிவந்தது. அதில் 'பியாசி' என்றொரு பாடல் உண்டு. இந்தியில் அச்சொல்லுக்குத் 'தாகம் கொண்டவள்' என்பது பொருள்.

குடகு மலையில் பிறந்து பூம்புகாரில் கடலோடு கலக்கும் காவிரியின் நீரைப் பகிர்வதில் கருநாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே நெடுங்காலமாக வழக்கு உண்டு. இதற்கென 1990இல் நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. 2018இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. இவ்வழக்கில் பலரும் பேசினர். ஆறு மட்டும் பேசவில்லை. அக்குறையை இப்பாடல் தீர்க்கிறது. ஊருக்கெல்லாம் நீர் தருபவள் தானே தாகத்தால் வாடுகிறாள் என்னும் முரண் அதன் தலைப்பிலேயே அமைந்துள்ளது.

காவிரியைப் பெண்ணாகக் காண்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் கோவலன் காவிரியை விளித்து வாழ்த்துகிறான். அங்கே மனிதன் பாட ஆறு கேட்கிறது. 'பியாசி'யிலோ ஆறு பாட மனிதர் கேட்கின்றனர்.

அரசியலை எள்ளும் 'டோபிவாலே' என்னும் தொகுப்பை 2012இலும், 'ராஹ்-ஏ-ஃபக்கீரா' என்னும் தொகுப்பை 2018இலும் இக்குழு வெளியிட்டது. கன்னடரும் தமிழரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் நகரம் பெங்களூரு. அங்கே பிறந்த 'பியாசி' கேட்போரிடம் "நீர் யாருக்கு?" என்று வினவுவதற்குமுன், "ஆறு நலமா?" என்று எண்ணச் செய்கிறது.

அருஞ்சொற்பொருள்
விளித்து – அழைத்து
முரண் – மாறுபாடு
எள்ளும் – இகழ்ந்து நகைக்கும்

வினாக்கள்
1. 'பியாசி' என்னும் தலைப்பில் அமைந்துள்ள முரண் யாது?
2. கானல்வரிக்கும் 'பியாசி'க்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. உம் ஊரின் ஆறோ ஏரியோ பேசுவதாகக் கருதி ஐந்து தொடர்கள் எழுதுக.