போட்டி முடிந்தபின் பீரா? மன்றப் பொறுப்பாளர் கவனத்துக்கு

ஜொகூரில் ஞாயிற்றுக்கிழமை காற்பந்துப் போட்டி நடத்தும் மன்றங்கள் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவை:

• வயது: 2017 டிசம்பர் 1 முதல் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது. இளையோர் அணி ஆடும் நாளில் மதுவே வேண்டாம்.

• உரிமம்: மது விற்பதாக இருந்தால் உரிமம் தேவை. மாவட்ட அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். திடலை வாடகைக்கு எடுக்கும்போதே மதுவுக்குத் தடை உண்டா என்றும் கேளுங்கள்.

• பரிசு: வெற்றி பெற்ற அணிக்கு பீர்ப் பெட்டி கொடுக்காதீர்கள். முஸ்லிம் நண்பர்களும் ஆடும் அணி என்றால், பரிசளிப்பையும் ஹலால் சாப்பாட்டையும் மது இல்லாமல் முடித்துவிடுங்கள்.

• தாகம்: ஆடி வியர்த்தவருக்கு முதலில் தண்ணீர், பிறகு சாப்பாடு. வெறும் வயிற்றில் போதை சீக்கிரம் ஏறும்.

• வண்டி: 2020 அக்டோபர் 23 முதல் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் வரம்பு, முன்பு 80. மீறினால் முதல்முறையே 10,000 முதல் 30,000 ரிங்கிட் அபராதம், இரண்டாண்டு வரை சிறை. குடிக்காத ஓட்டுநர்களை ஆட்டத்துக்கு முன்பே பேசி வையுங்கள். இல்லையேல் கிராப் கார் பிடியுங்கள். கோப்பி குடித்தாலோ குளித்தாலோ போதை இறங்காது.

• மலிவுச் சாராயம்: முத்திரையில்லாத போத்தலைத் தொடாதீர்கள், மெத்தனால் கலந்திருக்கலாம். 2018இல் சிலாங்கூரில் பலர் இறந்தது அதனால்தான். குடித்தவருக்குக் கண் மங்கினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே 999ஐ அழையுங்கள்.

• நிதி: மது விற்பனையை நம்பி மன்றத்தை நடத்தாதீர்கள். சந்தா, விளம்பரப் பலகை, உணவுச் சந்தை ஆகியவற்றிலிருந்தும் பணம் திரட்டலாம்.